சீவல் கண்டக்டரின் வாய்க்கட்டு

“…அதனால தம்பி, ரிசல்ட்டு கெட்டதா வந்துச்சுன்னா ராவுத்தர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் எப்படிச் சொல்ல முடியும்? எங்களுக்குள்ளதான் பேச்சுவார்த்தை கிடையாதே!”

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், மர பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சீவல் கண்டக்டர் இதைச் சொன்னார். அவர் கன்னத்துக்குள்ளிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்கைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து முடித்திருந்தார்கள். அது புற்றுநோயா இல்லையா என்பது உள்ளே டாக்டருக்குத் தெரிந்திருந்தது; எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்திலும் மனுஷனுக்குத் தன் சண்டையின் சட்டதிட்டம் மீறிப்போய்விடக் கூடாதே என்றுதான் கவலை. கோபக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கோபத்தை இவ்வளவு ஒழுங்காக, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஆள் இந்த உலகத்தில் சீவல் ஒருத்தர்தான்.

அறுபதை ஒட்டிய வருஷங்கள் அவை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் புக்கிங் கிளார்க். சீவல் எங்கள் நத்தம் வண்டியின் கண்டக்டர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்துதான் இருக்கும். முதலாளிக்கே அது தெரியுமோ என்னவோ. திண்டுக்கல்லில் பூட்டில்லாத வீட்டைக்கூடத் தேடிப்பிடித்துக் காட்டிவிடலாம், அவர் வாயில் பாக்கில்லாத நேரத்தைக் காட்ட முடியாது. காக்கிச் சட்டையின் இடது பையில் ஒரு பவுடர் டப்பா. அது நிறைய வாசனைச் சீவல். பஸ் முக்கு திரும்புமுன்னே வாசனை திரும்பிவிடும். தூங்கும்போதும் கன்னத்தில் ஒரு சிட்டிகை ஒதுக்கிக்கொண்டுதான் தூங்குவார். “அது இல்லேன்னா கனவு சப்புன்னு இருக்கு தம்பி” என்பார்.

வெற்றிலை போட மாட்டார். புகையிலையைத் தொட மாட்டார். வெறும் பாக்கு. அதற்கு அவர் வைத்திருந்த காரணத்தை எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது.

“வெத்தலை போட்டா துப்பணும். ஓடுற பஸ்ல கண்டக்டர் எங்கே துப்புவான்? சன்னல் வழியாத் துப்புனா பின் சீட்டுக்காரன் மூஞ்சியில விழும். படியில நின்னு துப்புனா சைக்கிள்ல வர்றவன் சட்டையில விழும். பொகையிலை போட்டாத் தலை சுத்தும், படியில நிக்க முடியாது. பாக்குன்னா மென்னு, சாறை முழுங்கி, நம்ம ஜோலியப் பாக்கலாம். அம்புட்டுச் சுத்தம்!”

இந்தச் சுத்தம்தான் பிற்பாடு அவர் வாயைக் கட்டியது. அதைச் சொல்வதற்கு முன் ராவுத்தரைச் சொல்ல வேண்டும்.

ராவுத்தர் அந்த வண்டியின் டிரைவர். சீவலுக்கு மூத்தவர். உயரமான ஆள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டு ஆட்கள் எல்லாம் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பு வேலைக்காரர்கள். தோல் ஊறுகிற வாடை தாங்காமல் தப்பித்து டிரைவராக வந்தவர். பழைய வாடை நினைவுக்கு வந்துவிடாமலிருக்கக் காதில் எப்போதும் அத்தர் பஞ்சு.

இரண்டு பேருக்கும் பல வருஷங்களாகப் பேச்சு இல்லை. சாணார்பட்டியில் பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பதுதான் சண்டை. டீக்கடைக்கு எதிரே என்றார் ராவுத்தர். வேப்பமரத்தடியில் என்றார் சீவல். வார்த்தை தடித்து, “இனிமே உன்னோட பேச்சே இல்லை” என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பஸ் கடைக்கும் மரத்துக்கும் நடுவில், டீயும் இல்லாமல் நிழலும் இல்லாமல், மொட்டை வெயிலில் நின்றது. இவர்கள் சமாதானமாக வேண்டும் என்று சாணார்பட்டிக்காரர்கள் கிடா வெட்டாததுதான் பாக்கி.

முதலாளி வெறுத்துப்போய், வேறு டிரைவரோடு போகிறாயா என்று சீவலைக் கேட்டார். “அவரு ஓட்டுனாத்தான் முதலாளி எனக்கு நிக்கத் தோது” என்றார் சீவல். ராவுத்தரைக் கேட்டதற்கு, “அவன் கூப்பிட்டாத்தான் சனம் ஏறும். வேற எவனையும் எனக்குக் குடுத்திராதீங்க” என்றார். முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மற்ற கண்டக்டர்கள் ‘ரைட்’ என்று வாயால் சொல்வார்கள். சீவல் சொல்ல மாட்டார். சொன்னால் ராவுத்தரோடு பேசியதாகிவிடுமே! எல்லாம் விசில்தான். வயசாளி இறங்குகிறார் என்றால் நீளமாக, கொஞ்சுகிற மாதிரி ஒன்று. போட்டிக் கம்பெனி வண்டி பின்னால் வருகிறது என்றால் படபடவென்று நாலைந்து. வேகம் பற்றாது என்றால் ஒரு இழுப்பு இழுத்துக் கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவார்; அது சந்தேகமில்லாமல் வசவு. ராவுத்தர் ரப்பர் ஹாரனைப் பிழிந்து பதில் வசவு கொடுப்பார். நத்தம் ரோட்டில் மாடு மேய்க்கிறவர்கள்கூட, “காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டாங்கப்பா” என்பார்கள்.

கோளாறு முதலில் பிரியாணிக் கடையில் தெரிந்தது. எத்தனை மிளகாயைக் கடித்தாலும் கண் கலங்காத சீவல், ஒரு மத்தியானம் முதல் கவளத்திலேயே எழுந்து நின்றுவிட்டார்.

“என்ன பாய் இது? அரிசியில மொளகாயைப் போட்டீங்களா, மொளகாயில அரிசியைப் போட்டீங்களா?”

கடைக்கார பாய் அலட்டிக்கொள்ளவில்லை. “கண்டக்டரே, உங்க பக்கத்துல ஒரு பச்சைப்புள்ள இதே அண்டாச் சோத்தைத்தான் திங்குது. அதுகிட்டக் கேளுங்க.”

அந்தக் குழந்தை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இலையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சம்சாரம் காரமே இல்லாமல் வெஞ்சனம் வைத்துக் கொடுத்தும் எரிகிறது என்றார். ரசம் எரிந்தது. உப்புக்கூட எரிந்தது. அடுத்தாற்போல் வாய் சின்னதாக ஆரம்பித்தது. இட்லியை முழுசாக உள்ளே அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்கிற மனுஷன், அதைப் பாதியாக்கினார், பிறகு காலாக்கினார். கடைசியில் பங்காளிகளுக்குள் நிலம் பிரிக்கிற மாதிரி கிள்ளிக் கிள்ளி வைத்தார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. சீவலுக்கும் சிரிப்புதான், வாய் எவ்வளவு திறந்ததோ அவ்வளவு.

அப்புறம் விசில் போயிற்று.

சாணார்பட்டியில் தக்காளிக் கூடைகளோடு பெண்கள் இறங்க வேண்டும். சீவல் ஊதினார். புஸ் என்று காற்றுதான் வந்தது. ராவுத்தருக்குக் கேட்கவில்லை. பஸ் டீக்கடையைத் தாண்டி, வேப்பமரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த பெண்கள் போட்ட சத்தத்தில்தான் நின்றது. அவர்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது.

ராவுத்தர் நேரே புக்கிங் ஆபீசுக்கு வந்தார். சீவலும் வந்தார். என் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்.

“தம்பி, அவன்கிட்டச் சொல்லு. ஊதுனா ஊதணும். சூடான காப்பியை ஆத்துற மாதிரி ஊதுனா எனக்கு எப்படிக் கேக்கும்?”

“தம்பி, அவருகிட்டச் சொல்லுங்க. காதுல இருக்கற பஞ்சை எடுத்துட்டுக் கேக்கச் சொல்லுங்க.”

சீவல் விசிலைக் குற்றம் சொன்னார். புதுசு வாங்கினார். அதுவும் புஸ். இன்னொன்று வாங்கினார். புஸ். கழுத்தில் விசில் மாலையாகத் தொங்கியது. கடைசியில் ஒரு பள்ளிக்கூட டிரில் வாத்தியாரிடம் போய், “சார், இதெல்லாம் போலிச் சரக்கு. நீங்க ஒருக்கா ஊதிப் பாருங்க” என்று நீட்டினார். வாத்தியார் ஒரு ஊது ஊதினார். பஸ் ஸ்டாண்டில் நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. சீவல் அதே விசிலைத் துடைத்து வாயில் வைத்து ஊதினார். எதிரே படுத்திருந்த நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் யாரோ ஒருத்தர் அவர் காதில் போட்டார்: “அண்ணே, இது வாய்க்கட்டு. உங்களுக்கு ஆகாதவன் எவனோ மந்திரவாதியை வச்சு வாயைக் கட்டிட்டான்.”

ஆகாதவர் என்றால் சீவலுக்கு இந்த உலகத்தில் ஒரே ஆள்தானே! நத்தம் பக்கம் ஒரு மந்திரவாதியைப் பிடித்துக் கட்டை அவிழ்க்கச் சொன்னார். அந்தப் புண்ணியவான் உடுக்கையடித்து, கண்ணை உருட்டி, ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். “மந்திரிச்ச பாக்கு. ராப்பகலா வாயை விட்டு எடுக்காதே. மென்னுக்கிட்டே இரு. கட்டு தானா அவுந்துரும்.” இப்படி ஒரு வைத்தியம் கிடைத்தால் சீவல் விடுவாரா? ஏற்கெனவே மெல்லுகிறதோடு இதையும் சேர்த்து, பக்தி சிரத்தையோடு மென்றார். வாய் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது.

ஒரு நாள் டிக்கெட் வாங்க நிற்கிற கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று, உரக்கக் கேட்டார்: “தம்பி, அவருகிட்டக் கேளுங்க. என் வாயைக் கட்டச் சொல்லி எந்த மந்திரவாதிகிட்டப் போனாரு?”

ராவுத்தர் ஆடிப்போய்விட்டார். “என்னது, நான் கட்டுனனா? அவன் எங்கிட்டப் பேசியே வருசக்கணக்காச்சு. பேசாத வாயை எவனாச்சும் மெனக்கெட்டுக் கட்டுவானா?” கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “அல்லா அறிய, அந்தப் பழி எனக்கு வேணாம். டாக்டர்கிட்ட நடக்கச் சொல்லு தம்பி. எவன் கட்டுனான்னு அங்கே தெரியட்டும். நீயும் வா. நீ இல்லாம நாங்க எப்படிப் பேசுறது?”

இப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளனாக, ஊரிலிருந்த ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

“வாயைத் திறங்க.”

“தெறந்துதான் சார் இருக்கேன்.”

“நல்லாத் திறங்க.”

“இதுக்கு மேல தெறக்கணும்னா அந்தக் கதவைத்தான் சார் தெறக்கணும்.”

டாக்டர் ராவுத்தரைப் பார்த்து, நீங்கள் திறங்கள் என்றார். ராவுத்தர் திறந்தார். நத்தம் வண்டி உள்ளே போய்த் திரும்பி வரலாம். “சாதாரணமா மூணு விரலை அடுக்கி உள்ளே விடலாம். இவருக்கு ஒரு விரலே இடிக்குது” என்றார் டாக்டர். விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தார். சுண்டுவிரலை விட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“உள்ளெல்லாம் வெளுத்துப் பளிங்கு மாதிரி இருக்கு. தொட்டா கயிறு கயிறாத் தட்டுது. என்ன பழக்கம் உங்களுக்கு?”

“ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது சார். பீடி, பொகையிலை, தண்ணி, எதுவும் இல்லை.”

“பாக்கு?”

“அது பழக்கமா சார்?”

டாக்டர் நோய்க்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. தமிழில் சொல்லுங்கள் என்றோம். “கன்னத்துத் தோலுக்கு அடியில நார் விழுற நோய். அதான் எரியுது, அதான் திறக்கலை, அதான் விசில் ஊத வரலை. மொளகாயாலங்கறாங்க, சத்துக் கொறைவுங்கறாங்க. நான் பாத்த ஆளுங்க அத்தனை பேரும் பாக்கு மெல்லுறவங்க. தோல் ஷாப்புல ஆவாரம்பட்டையில தோலை ஊறப்போட்டு இறுக்குறாங்கல்ல? அந்தப் பட்டையில இருக்கற துவர்ப்பு பாக்குலயும் இருக்கு. நீங்க உங்க கன்னத்தையே ஊறப்போட்டிருக்கீங்க.”

ராவுத்தருக்கு இது உடனே விளங்கிவிட்டது. “அப்ப இவன் வாய்க்குள்ளயே ஒரு தோல் ஷாப்பு நடத்திருக்கான்! தம்பி, அவன்கிட்டச் சொல்லு. வாயைக் கட்டுனது நானில்லை, அவன் டப்பா.” ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. குரல் இறங்கிப்போய், “உசுருக்கு ஒண்ணும் இல்லையே சார்?” என்று கேட்டார்.

“இப்ப இல்லை. இது புத்துநோய் இல்லை. ஆனா புத்துநோய் குடிவர்றதுக்கு வீடு பாத்துட்டுப் போன மாதிரி. பாக்கை அடியோட விட்டா வராமலே போகலாம். விடலைன்னா எம்மேல வருத்தப்படாதீங்க.”

வெளியே வந்ததும் ராவுத்தர் சீவலின் சட்டைப் பையில் கையை விட்டு டப்பாவை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் முன் டயருக்கு அடியில் அதை வைத்தார். சீட்டில் ஏறி, வண்டியைக் கிளப்பி, அதன்மேல் ஒரு தடவை முன்னால் போனார், ஒரு தடவை பின்னால் வந்தார். படியில் நின்றிருந்த சீவல் எதிர்ப்புத் தெரிவித்து விசில் ஊதினார். புஸ்.

வைத்தியம் ஆரம்பமானது. கன்னத்துக்குள் ஊசி. ஊசி போடும்போதெல்லாம் ராவுத்தர் தெருவில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். “பயப்படாதேங்கறாரு” என்று சீவலே எனக்கு அர்த்தம் சொன்னார். கீரையும் பழமும் தின்னச் சொன்னார்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகி, நாள் போகப்போக ஒன்றொன்றாகக் கூட்ட வேண்டும். விஷயம் தெரிந்து, ஐஸ் தின்ற பிரயாணிகள் எல்லாம் குச்சியைக் கழுவிச் சீவலிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். பலூன் ஊதிப் பழகச் சொன்னார் டாக்டர். பஸ் நிறையப் பாதி ஊதின பலூன்கள். கல்யாண வண்டி என்று நினைத்து வழிவிட்டவர்களும் உண்டு.

பாக்கை விட்டதுதான் பெரிய பாடு. கை தன்பாட்டுக்கு இடது பைக்குப் போகும். அங்கே பொரிகடலைதான் இருக்கும். கண்ணில் பட்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுந்தார். ஏறிய ஆட்டுக்கு டிக்கெட் எங்கே என்று ஆட்டையே கேட்டார். கஷ்டம் அதோடு நிற்கவில்லை. நம் ஊரில் பாக்கை வாங்க மாட்டேன் என்றால் கொடுக்கிறவரை அவமதித்த மாதிரி. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தை இறக்கிவிட்டபோது, பெண்ணின் தகப்பனார் தாம்பூலத் தட்டை நீட்டினார். சீவல் கும்பிட்டு வேண்டாமென்றார்.

“ஏப்பா, என் வீட்டுத் தாம்பூலம் உனக்கு ஆகாதோ?” என்று அவர் குரலை உயர்த்தினார்.

டிரைவர் சீட்டிலிருந்து ராவுத்தர் இறங்கி வந்தார். இரண்டு கையாலும் தட்டிலிருந்து தாம்பூலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அவன் பங்கையும் நான் வாங்கிக்கிட்டேனப்பு. புள்ளைக நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே அவன் கையில பாக்குக் குடுக்கறவன் எவனும் என் வண்டியில ஏறப்படாது.” அந்தச் சட்டம் நத்தம் வரைக்கும் பரவிவிட்டது.

மெல்ல மெல்ல வாய் நெகிழ்ந்தது. ஒரு காலையில் விசிலிலிருந்து ‘பீ’ என்று கோழிக்குஞ்சு சத்தம் வந்தது. மறுநாள் ராவுத்தர் காதில் அத்தர் பஞ்சு இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தபோதுதான் விழுந்தது இடி. பல் டாக்டரிடம் காட்டப் போன அன்றைக்கு இரண்டு விரல் போகும் அளவுக்கு வாய் திறந்தது. டாக்டர் சந்தோஷமாக விளக்கைப் பிடித்தார். வாய் திறந்ததால் இதுவரை யாரும் பார்க்க முடியாமலிருந்த கடைசிப் பல் ஓரம் தெரிந்தது. அங்கே ஒரு வெள்ளைத் திட்டு. அதன் நடுவில் ஒரு புண்.

“எத்தனை நாளா இருக்கோ தெரியலை. துணுக்கு எடுத்துப் பாத்துறணும். மதுரைக்குப் போங்க” என்றார்.

சீவல் அன்று பஸ்ஸில் ஒருத்தரையும் திட்டவில்லை. சாணார்பட்டி வந்தது. ராவுத்தர், கேட்காமலே, வண்டியைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். இறங்கிய சனங்கள் நிழலில் நின்று ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராவுத்தரே விட்டுக்கொடுக்கிறார் என்றால் நிலைமை மோசம் என்றுதானே அர்த்தம்?

மதுரைக்கு இரண்டு தடவை போனோம். துணுக்கு எடுக்க ஒருதரம், முடிவு கேட்க ஒருதரம். ராவுத்தரும் வருகிறேன் என்றார், என்னிடம்தான். “வண்டியை யாரு ஓட்டுறது? அவரு ஓட்டலேன்னா சனம் நடுரோட்டுல நிக்கும்” என்றார் சீவல், அதுவும் என்னிடம்தான். இப்படித்தான் இரண்டாம் தடவை அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கெட்டது வந்தால் யார் யாரிடம் சொல்வது என்று அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

“நல்லதா வந்தா யாருண்ணே சொல்றது?” என்றேன்.

அதை அவர் யோசிக்கவே இல்லை போலும். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் பெரிய மூக்குக்கண்ணாடிக்காரர். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். “கேன்சர் இல்லை.”

சீவல் என்னைப் பார்த்தார். “சார், இன்னொருக்கா சொல்லுங்க.”

“இல்லைய்யா. கடைசிப் பல்லு சாஞ்சு மொளைச்சு கன்னத்துல உரசியிருக்கு. அந்தப் பல்லைப் பிடுங்குனா புண்ணு ஆறிரும். ஆனா நாரு முழுசாப் போகாது. பழைய அளவுக்கு வாய் திறக்காது. சில மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும், ஆயுசுக்கும். பாக்கு…”

“அந்தப் பேரைச் சொல்லாதீங்க சார்” என்று காதைப் பொத்திக்கொண்டார் சீவல்.

பல்லை அங்கேயே பிடுங்கினார்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு மதுரையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் சன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வழியில் போன மாடு, மரம், மைல் கல் எல்லாவற்றையும் இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி பார்த்தார். சும்மா சும்மா என் தொடையைத் தட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். நத்தம் வண்டி எப்போதோ கிளம்பியிருக்க வேண்டியது. கிளம்பாமல் நின்றது. சனம் உள்ளே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு இரவல் வந்த கண்டக்டரிடம் ராவுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்: “இஞ்சின்ல கோளாறு. செத்த நேரம் ஆகும்னு சொல்லு.” ஒரு கோளாறும் இல்லை. கையில் ஸ்பானர்கூட இல்லை. எங்களைப் பார்த்ததும் சட்டென்று இஞ்சினுக்குள் குனிந்துகொண்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நல்ல சேதியைச் சொல்ல நான் ஓடினேன். சீவல் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

“இருங்க தம்பி. நல்லதுக்கு ஆளனுப்பப்படாது.”

வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார். நான் பார்த்து அவர் துப்பியது அதுதான் முதல் தடவை. காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சனம் போட்ட சத்தத்துக்கு நடுவே நடந்துபோய், பானெட் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு அந்தக் குனிந்த முதுகின் மேல் கையை வைத்து, “அண்ணே, சாப்டீங்களா?” என்று கேட்டார்.